கேபிளில் கீறல் விழுந்தால் மண்ணைப் போட்டு மூடாதீர்கள்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் மண்ணுக்கடியில் போகும் மின்கேபிளைப் பழுது பார்க்கும் எங்களுக்கு ராத்தூக்கம் கிடையாது. பழுதான இடத்தைத் தோண்டினால் பல நேரம் காரணம் பழையதாக இருக்கும். கோடையில் குடிநீர்க் குழாய்க்கோ பாதாளச் சாக்கடைக்கோ பள்ளம் எடுத்தபோது பட்ட காயம் அது.

வண்ணாரப்பேட்டைப் பக்கம் அப்படி ஒரு கேபிளைத் திறந்தோம். வெளியுறையில் ஜேசிபி பல் கிழித்த தடம், கட்டைவிரல் நீளம்தான். அதன்மேல் யாரோ இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி மண்ணைத் தள்ளியிருந்தார்கள். உள்ளே இரும்புப் பட்டை துருவேறி உதிர்ந்தது. செம்புத் தகடு பச்சை பூத்திருந்தது. வெள்ளைக் காப்புறையில் கருகிய ஓட்டை. கீறலில் இறங்கிய தண்ணீர் கேபிளுக்குள்ளேயே ஓடும். காப்புறையை மெல்ல மெல்ல அரிக்கும். அதனால்தான் தோண்டிய அன்று விளக்கு அணையவில்லை என்பதை வைத்து ஆபத்து இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

பல ஊர்களில் மின்கம்பி தலைக்கு மேலேதான் போகிறது. அதனாலேயே கீழே எதுவும் இருக்காது என்று நினைத்துவிடுகிறார்கள். கம்பத்தை ஒட்டி இரும்புக் குழாய்க்குள் கேபிள் மண்ணில் இறங்குகிறதா என்று பாருங்கள். துணைமின் நிலைய வாசல், ரயில் பாதையைக் கடக்கும் இடம், பில்லர் பாக்ஸ் என்ற மின்விநியோகப் பெட்டி நிற்கும் தெருமுனை, பெரிய மருத்துவமனைகளின் முன்பக்கம் ஆகிய இடங்களில் கூடுதல் கவனம் வேண்டும்.

ஐஎஸ் 1255 என்ற இந்தியத் தரநிலைப்படி, வீடுகளுக்கு மின்சாரம் தரும் தாழ்வழுத்தக் கேபிள் 75 செ.மீ., 11 கிலோவோல்ட் கேபிள் 90 செ.மீ. ஆழத்தில் இருக்க வேண்டும். அந்தக் கணக்கை மட்டும் நம்பிப் பள்ளம் எடுக்காதீர்கள். வாய்க்காலுக்காக மண்ணை வழித்த இடத்தில் ஒரு முழத்திலேயே கேபிள் கிடக்கும். மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் வரைபடம் கேளுங்கள். 2023இல் மத்திய அரசு கொண்டுவந்த ‘கால் பிஃபோர் யூ டிக்’ (தோண்டும் முன் தகவல் சொல்) செயலியிலும் பதிவு செய்யுங்கள். பிறகு இயந்திரத்தை நிறுத்திவிட்டு, ஆளை வைத்து மம்பட்டியால் குறுக்கே சோதனைக் குழி எடுங்கள். கடப்பாரை வேண்டாம். வரிசையாகச் செங்கலோ திட்டாக ஆற்று மணலோ தட்டுப்பட்டால் அங்கேயே நிறுத்துங்கள்; கேபிளைக் காக்கப் போட்டவை அவை. சேறு அப்பிய கேபிள் பார்ப்பதற்குப் பழைய குழாய் போலவும் வேர் போலவும் இருக்கும். வெட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் பொருள் அல்ல அது.

கேபிள் வெட்டுப்பட்டுவிட்டால் குழியில் இருப்பவர்கள் எதையும் தொடாமல் விலக வேண்டும். ஜேசிபி ஓட்டுநர் இருக்கையை விட்டு இறங்கக் கூடாது. வண்டி தீப்பிடித்தால் மட்டும், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல் இரு கால்களையும் சேர்த்துக் குதித்து, சிற்றடி வைத்து நகர வேண்டும். சத்தம் அடங்கிவிட்டதே என்று நெருங்காதீர்கள். துணைமின் நிலையத்தில் லைன் டிரிப் ஆகி மின்சாரம் தானாக நின்றதும் மறுபடி மின்சாரம் கொடுத்துப் பார்க்க வாய்ப்பு உண்டு. உடனே மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தை அழையுங்கள்: 94987 94987.

வெறும் கீறலைச் சொல்லாமல் விடுவதற்குக் காரணம் பயம். கூலியில் பிடித்துவிடுவார்களோ என்று வேலையாள் வாயைத் திறப்பதில்லை. ஒப்பந்தக்காரர்களே, காலையில் பள்ளத்தில் இறங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்: “தம்பி, கேபிளில் பட்டுவிட்டால் உடனே சொல்லு, உன் கூலியில் கை வைக்க மாட்டேன்.” வெளியுறை மட்டும் கிழிந்திருந்தால் மின்சாரத்தை நிறுத்தி, சூட்டில் சுருங்கும் உறையைப் போட்டு அன்றைக்கே சரிசெய்துவிடலாம். தண்ணீர் இறங்கிய பிறகோ, கெட்ட பகுதியை அறுத்தெடுத்துப் புதுத் துண்டு வைத்து இரண்டு ஜாயிண்ட் போட வேண்டும், அதுவும் கொட்டும் மழையில், குழித் தண்ணீரை இறைத்துக்கொண்டே.