பிரேக்கைக் குறை சொல்வதற்கு முன் ஸ்பூலை அழுத்திப் பாருங்கள்

தூண்டில் வீசி மீன் பிடிக்கப் பயன்படும் பெரிய காஸ்டிங் ரீலை சர்வீஸுக்குக் கொண்டுவருகிறவர்கள் அநேகமாக ஒரே புகாரைத்தான் சொல்கிறார்கள். "பிரேக் பிடிக்கல, வீசும்போதெல்லாம் சிக்கு விழுது." நான் உடனே ரீலைக் கழற்றுவதில்லை. ஸ்பூலில், அதாவது ரீலின் உருளையில், சுற்றியிருக்கும் லைன் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்ப்பேன். பஞ்சில் அழுத்தியது போல விரல் உள்ளே போனால், கோளாறு பிரேக்கில் இல்லை, லைன் சுற்றிய விதத்தில் இருக்கிறது.

லைன் வெளியே போகும் வேகத்தைவிட ஸ்பூல் வேகமாகச் சுழன்றால் பேக்லாஷ், அதாவது இந்தச் சிக்கு, விழும். பெரிய ரீலில் ஸ்பூலும் கனம். ஒருமுறை சுழல ஆரம்பித்தால் சட்டென்று நிற்காது. ஈயக்குண்டு காற்றில் போகப் போக வேகம் குறையும், ஸ்பூலோ தன் வேகத்திலேயே ஓடும். போக இடமில்லாத லைன் வளையம் வளையமாக எழும்பி ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொள்ளும். வீச்சு கிளம்பும் நொடியும், குண்டு தண்ணீரில் விழும் நொடியும்தான் ரொம்ப ஆபத்தானவை. இது எந்த லைனுக்கும் பொருந்தும். பிரெய்டில் இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது.

பிரெய்டு என்பது டைனீமா, ஸ்பெக்ட்ரா என்ற பெயர்களில் வரும் பாலிஎத்திலீன் இழைகளைப் பின்னிச் செய்தது. நைலான் நரம்பு இழுத்தால் நீண்டு கொடுக்கும், இது கிட்டத்தட்ட நீளவே நீளாது. நன்றாக வழுக்கும். ஒரே பலத்துக்கு நரம்பைவிட மிகவும் மெல்லியது. இந்த மூன்று குணத்துக்காகத்தான் வாங்குகிறோம், தொல்லையும் அதே மூன்றால்தான். தளர்வாகச் சுற்றிய ஸ்பூலில் ஒரு பெரிய மீன் இழுத்தாலோ, தூண்டில் பாறையில் மாட்டி நாம் பலமாக இழுத்தாலோ, மேலே இருக்கும் மெல்லிய லைன் கீழ் அடுக்குகளைப் பிளந்துகொண்டு உள்ளே இறங்கிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. அடுத்த வீச்சில் அந்த இடம் வரும்போது லைன் சடாரென்று பிடிக்கும்.

ஒரு ரீலில் இதை நேரிலேயே பார்த்தேன். பெரிய ஸ்பூல் நிறைய 20 பவுண்டு இழுவை தாங்கும் பிரெய்டு. கையால் உருவிக்கொண்டே வந்தேன், ஓரிடத்தில் நின்றுவிட்டது. கண்ணாடி வைத்துப் பார்த்தால், மேல் லைன் ஏழெட்டு அடுக்கு கீழே போய்க் குறுக்காகப் புதைந்திருந்தது. மெதுவாகத் தூக்கி எடுத்தபோது அந்த இடம் பஞ்சு பஞ்சாகப் பிரிந்திருந்தது. பிரேக்கில் எந்தக் குறையும் இல்லை.

அதனால் கனமான காஸ்டிங் ரீலுக்கு மெல்லிய பிரெய்டு வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். "லைன் மெலிசா இருந்தா தூரம் போகும்" என்பது உண்மைதான், ஆனால் புதைகிற லைன் எந்தத் தூரமும் போகாது. நான் 50 பவுண்டுக்குக் கீழே இறங்குவதில்லை. லேபிளில் பவுண்டை மட்டும் பார்க்காமல் விட்டத்தையும் பாருங்கள். லைனின் தடிமனை எண்ணால் சொல்லும் ஜப்பானிய PE கணக்கில் 1 என்றால் சுமார் 0.165 மில்லிமீட்டர், 4 என்றால் சுமார் 0.33. பெரிய ரீலில் அந்த 4-ஐ ஒட்டி இருப்பது கைக்கும் நல்லது, ஸ்பூலுக்கும் நல்லது. எட்டு இழைப் பின்னல் உருண்டையாக, வழவழப்பாக இருக்கும், தூண்டில் கம்பின் வளையங்களில் சத்தமில்லாமல் ஓடும். நான்கு இழை கொஞ்சம் சொரசொரப்பு. வீசுவதற்கு எட்டு இழையைத்தான் எடுப்பேன்.

அப்புறம், சுற்றுவது. பிரெய்டை நேராக ஸ்பூலில் கட்டக் கூடாது. அடியில் பிடிமானம் இல்லாமல் மொத்த லைனும் ஸ்பூல் மேல் வழுக்கிச் சுற்றும். "டிராக் போயிடுச்சு", அதாவது மீன் இழுக்கும்போது லைனை அளவாக விட்டுக்கொடுக்கும் பிடி கெட்டுவிட்டது, என்று வந்த ரீல்களில் டிராக் வாஷர் புதிதுபோல இருந்ததைப் பார்த்திருக்கிறேன். வழுக்கியது லைன்தான். முதலில் கொஞ்சம் நைலான் நரம்பு சுற்றி, அதன் மேல் பிரெய்டைக் கட்டுங்கள். ஈரத்துணியால் லைனைப் பிடித்து, கை வலிக்கும் அளவுக்கு இறுக்கமாகச் சுற்றுங்கள். பெரிய ரீல்கள் பலவற்றில் லைனைப் பரப்பிவிடும் லெவல்வைண்ட் கிடையாது, அந்த வேலை நம் கட்டைவிரலுடையது. ஒரு பக்கம் மேடு கட்டினால், அந்த மேடு சரிந்தே சிக்கு விழும். லேசாகக் குறுக்கே போய் வருமாறு பரப்பினால் புதைவதும் குறையும். ஸ்பூலின் விளிம்புக்கு 3 மில்லிமீட்டர் கீழே நிறுத்திவிடுங்கள்.

கடைசி வீச்சில் கனமில்லாமல் சும்மா சுற்றி எடுத்த லைன் அப்படியே தளர்வாகக் கிடக்கும். அடுத்த நாளின் முதல் வீச்சில் அதுதான் காலை வாரும். முதலில் மெதுவாக ஒரு வீச்சு வீசி, லைனை நனைத்து, விரலால் இறுக்கிப் பிடித்துச் சுற்றி எடுத்துவிட்டு அப்புறம் பலமாக வீசுங்கள்.

பிரேக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுழற்சியில் வெளியே தள்ளப்படும் சிறு கட்டைகள் உரசிப் பிடிக்கும் சென்ட்ரிஃபியூகல் பிரேக், வேகம் கூடக் கூட மிக வேகமாக வலுப்பெறும், அதனால் தொடக்கத்தில் நன்றாகப் பிடித்து, ஸ்பூல் மெதுவானதும் விட்டுவிடும். காந்தத்தால் பிடிக்கும் மேக்னெட்டிக் பிரேக் வீச்சு முழுக்கச் சீராகப் பிடிக்கும். எதிர்காற்று என்றால் ஒரு படி கூட்டுங்கள். எது இருந்தாலும் குண்டு தண்ணீரைத் தொடுவதற்கு முன் ஸ்பூலை நிறுத்த வேண்டியது உங்கள் கட்டைவிரல்தான்.

இனி சொல்வதைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். முழு பலத்தில் வீசும்போது லைன் அறுந்தால் ஈயக்குண்டு எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. பக்கத்தில் நிற்பவர் மேல் பட்டால் உயிருக்கே ஆபத்து. பிரெய்டின் முனையில் வீச்சின் அதிர்ச்சியைத் தாங்கும் தடித்த நைலான் துண்டு, அதாவது ஷாக் லீடர், கட்டுங்கள். குண்டின் எடையில் ஒரு அவுன்ஸுக்கு, அதாவது 28 கிராமுக்கு, 10 பவுண்டு என்பது பழைய கணக்கு. 150 கிராம் குண்டுக்கு 54 பவுண்டுக்குக் குறையக் கூடாது. வீசத் தயாராக நிற்கும்போது லீடர் ஸ்பூலில் ஐந்தாறு சுற்றாவது இருக்க வேண்டும். மாட்டிக்கொண்ட பிரெய்டைக் கையில் சுற்றி இழுக்கவே கூடாது, சதையை அறுத்துவிடும். ஒரு கட்டையில் சுற்றி இழுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் சிக்கு விழுந்தால் கத்தியை எடுக்காதீர்கள். டிராக்கை இறுக்கி, சிக்கின் மேல் கட்டைவிரலைப் பலமாக அழுத்திக்கொண்டு கைப்பிடியை இரண்டு மூன்று சுற்று சுற்றுங்கள். பிறகு ஸ்பூலை விடுவித்து லைனை மெதுவாக உருவுங்கள். பெரும்பாலான வளையங்கள் தாமாகவே வெளியே வந்துவிடும். நிற்கிற இடத்தில் மறுபடி அழுத்தி மறுபடி சுற்றுங்கள். அவிழ்ந்ததும் அந்த நீளத்தை விரலிடுக்கில் ஓட்டிப் பாருங்கள். பஞ்சாகத் தட்டுப்பட்ட இடத்தை வெட்டிப் புதிதாக முடிச்சுப் போடுங்கள், வெட்டிய துண்டைத் தண்ணீரில் போடாமல் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.