சுதாஸ்: தாசன் இல்லை, கொடையாளன்

சுதாஸ், ரிக் வேத காலத்துப் பரத குலத்தின் அரசன். தமிழில் இவனைச் 'சுதாசன்' என்று எழுதியதும் பலர் 'நல்ல தாசன்' என்று பொருள் சொல்லிவிடுகிறார்கள். அது சரியில்லை. 'சு' என்றால் நல்ல. 'தாஸ்' வந்தது 'கொடு' என்ற பொருளுள்ள 'தா' என்னும் வேரிலிருந்து. வேதச் சொற்களுக்குப் பொருள் சொல்லும் நிருக்தம் என்ற நூலை எழுதிய யாஸ்கர் 'கல்யாணதானன்', அதாவது நற்கொடை தருபவன் என்றே விளக்குகிறார். (தமிழிலும் 'தா' என்றால் கொடு என்றுதான் பொருள். அதை வைத்துக் கதை கட்ட வேண்டாம்.)

குழப்பத்துக்கு முன்னோன் திவோதாசனும் ஒரு காரணம். அவன் பெயரில் இருப்பது தாசனேதான்: வானின் தொண்டன். வத்ரியஸ்வன் என்பவனுக்குச் சரஸ்வதி தந்த மகன், சம்பரன் என்ற அசுரனின் பகைவன். சுதாஸுக்கு அவன் தந்தையா, பாட்டனா? ரிக் வேதத்தின் ஏழாம் மண்டலத்து 18ஆம் பாடல் ஓரிடத்தில் திவோதாசனைத் தந்தை என்கிறது. அதே பாடல் சுதாஸைப் 'பைஜவனன்', அதாவது பிஜவனன் வழி வந்தவன் என்றும் சொல்கிறது. பிஜவனன் தந்தை, திவோதாசன் பாட்டன் என்று கொள்வோர் உண்டு. 'பிதா' என்ற சொல் முன்னோனையும் குறிக்கும் என்பதால் எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

சுதாஸின் பெயரை நிலைக்க வைத்தது பருஷ்ணி ஆற்றங்கரைப் போர். இன்றைய ராவி அது. பூரு, அனு, துருஹ்யு முதலான குலங்கள் இவனுக்கு எதிராகத் திரண்டு வந்து ஆற்றின் போக்கையே மாற்றப் பார்த்தன. கடைசியில் அந்த வெள்ளத்திலேயே பலர் மாண்டார்கள். இதன் பெயர் 'தாசராஜ்ஞம்'. இதிலுள்ள 'தாச' தொண்டனும் இல்லை, கொடையும் இல்லை, 'தச', பத்து. பத்து அரசர் போர். தமிழ் எழுத்தில் மூன்றும் ஒன்றுபோலத் தெரிவதுதான் சிக்கல்! பிறகு யமுனைக் கரையில் பேதன் என்ற எதிரியையும் சுதாஸ் வென்றான்.

முதலில் விசுவாமித்திரரும் பின்னர் வசிஷ்டரும் இவனுக்குப் புரோகிதர்கள். வசிஷ்டருக்கு 200 பசுக்களும் இரண்டு தேர்களும் கிடைத்ததாக மேலே சொன்ன 18ஆம் பாடல் புகழ்கிறது. பெயருக்கேற்ற கொடைதான். ஆனால் மனுஸ்மிருதி (7:41), பணிவில்லாமல் அழிந்த அரசர்களின் வரிசையில் இவனையும் வைத்திருக்கிறது.

பொருள் பெயர்ப்பாக 'நற்கொடையன்' எனலாம். 'வள்ளல்' இன்னும் இயல்பு. பெயராக எழுதும்போது 'சுதாஸ்' என்றே விடுவது நல்லது. 'சுதாசன்' என்றால், கல்மாஷபாதனின் தந்தையான சூரிய குல அரசனோடும் குழம்பிவிடும்.