கல்லின் நீரோட்டம் எங்கிருந்து வருகிறது?

கிருஷ்ணகிரிக் குவாரிகளில் கிரானைட் பாறையை அறுக்கும் கம்பியில் பதிந்திருப்பதும் வைரம்தான். மகளின் கல்யாணத்துக்கு எடுக்கும் ஏழு கல் தோட்டில் இருப்பதும் வைரம்தான். பாறையை அறுக்கக் கடினம் ஒன்றே போதும். காதில் மின்ன வேண்டுமானால், கல்லுக்குள் புகுந்த ஒளி மீண்டும் நம் கண்ணுக்கு வந்து சேர வேண்டும். பெரியவர்கள் ‘நீரோட்டம்’ என்று சொல்வது இதைத்தான்.

கிணற்றில் நீந்தியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நீருக்குள் மூழ்கி அண்ணாந்து பார்த்தால் தலைக்கு மேலே ஒரு வட்டத்துக்குள் மட்டுமே வானம் தெரியும். அதற்கு வெளியே நீர்ப்பரப்பு கண்ணாடிபோல் மாறிக் கிணற்றின் உட்புறத்தையே காட்டும். ஏறத்தாழ 49 பாகைக்கு மேல் சாய்ந்து வரும் ஒளி நீரை விட்டு வெளியேற முடியாமல் முழுவதுமாக உள்ளே திரும்பிவிடுவதே காரணம். ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதைக் காட்டும் ஒளிவிலகல் எண் 2.42 கொண்ட வைரத்தில் அந்த எல்லை 24 பாகைதான் என்பதால், அடிப்பட்டைகள் சரியாகத் தீட்டப்பட்டிருந்தால், மேலிருந்து புகுந்த ஒளி ஒரு பட்டையில் மோதி, எதிர்ப்பட்டையில் மோதி, வந்த வழியே வண்ணங்களாகச் சிதறி வெளிவரும். வைரத் தொழில் குடும்பத்தில் பிறந்த பொறியாளர் மார்செல் டோல்கோவ்ஸ்கி இதற்காக 1919இல் கணக்கிட்ட அடிச்சாய்வு, அதாவது கிடைமட்டத்திலிருந்து அடிப்பட்டைகள் சாயும் கோணம், 40.75 பாகை. அடி மிகத் தட்டையானாலும் மிக ஆழமானாலும் ஒளி கீழ்வழியே கசிந்துவிடும். அதன்பின் கல் எவ்வளவு தூய்மையாக இருந்தும் பயனில்லை.

ஆனால் கடையில் நாம் முதலில் கேட்பது “எத்தனை சென்ட்?” என்பதையே. 100 சென்ட் ஒரு காரட், அதாவது 200 மில்லிகிராம். அரை காரட், ஒரு காரட் என்ற எல்லைகளில் விலை தாவுவதால், எடை குறையக் கூடாதென்று சிலர் கல்லின் இடுப்பையும் (மேற்பகுதியும் அடிப்பகுதியும் சேரும் விளிம்பு) அடியையும் தடிமனாகவே விட்டுவிடுகிறார்கள். நன்றாக வெட்டப்பட்ட ஒரு காரட் வட்டக் கல்லின் குறுக்களவு ஏறத்தாழ 6.5 மில்லிமீட்டர் இருக்கும். அதைவிடக் கணிசமாகக் குறைந்தால், பணம் கண்ணுக்குத் தெரியாத எடைக்குப் போகிறது.

உட்குறைகளைப் பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் பார்த்தால் போதும். நிறம் வேறு வகை: பெரும்பாலான கற்களின் மஞ்சள் சாயலுக்கு உள்ளே கலந்த நைட்ரஜன் காரணம், தங்கத்தில் கட்டிய பிறகு உலோகத்தின் நிறமும் சேர்ந்து அதை மறைத்துவிடும். ஆகவே கட்டாத கல்லை வெள்ளைத் தாளில் கவிழ்த்து வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். கூரை விளக்குகளின் கீழே எந்தக் கல்லும் மினுங்கும். அனுமதி கேட்டு வாசல் நிழலுக்குக் கொண்டுவந்து மெல்லச் சாய்த்தால், வெட்டுக் கெட்ட கல்லின் நடுப்பகுதி சாம்பல் பூத்து அணைந்திருப்பது தெரியும்.