போனை எடுக்கும் முன் தாளைப் பாருங்கள்: டிஸ்பாட்ச் வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு

சென்னையில் மணலி, திருவொற்றியூர் பக்கத்து டிரான்ஸ்போர்ட் ஆபீஸ்களில் டிஸ்பாட்ச் வேலைக்கு, அதாவது எந்த வண்டி எந்தச் சரக்கோடு எப்போது போக வேண்டும் என்று பார்த்து அனுப்பும் வேலைக்கு, சேருகிற பிள்ளைகள் முதல் நாளே கேட்பது இதுதான்: "அண்ணா, டிரைவர்கிட்ட போன்ல பேசணும், அவ்வளவுதானே?" பேசத்தான் வேண்டும். அதற்கு முன்னால் தாளைப் படிக்கப் பழக வேண்டும்.

நான் சேர்ந்த புதிதில் ஓர் ஏற்றுமதி கன்டெய்னருக்கு ஃபார்ம் 13, அதாவது துறைமுகத்துக்குள் கன்டெய்னரை விடுவதற்கான படிவம், போட்டேன். வண்டி எண்ணில் 6 இருக்க வேண்டிய இடத்தில் 8 அடித்துவிட்டேன். எண்ணூர் விரைவுச் சாலை வரிசையில் மணிக்கணக்கில் ஊர்ந்து, நள்ளிரவு தாண்டி டிரெய்லர் துறைமுகக் கேட்டுக்குப் போனது. டிரைவர் அண்ணன் கூப்பிட்டார். "தம்பி, நம்பர் தப்புன்னு நிறுத்திட்டாங்க. பின்னாடி வரிசையா வண்டி. ரிவர்ஸ்கூட எடுக்க முடியல. இன்னும் சாப்பிடல." அந்தக் கடைசி வார்த்தைதான் இன்றைக்கும் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து நம்பர் பிளேட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, ஒவ்வொரு இலக்கமாக வாய்விட்டுப் படித்துத்தான் பதிகிறேன். கன்டெய்னர் எண்ணும் அப்படியே: நாலு எழுத்து, ஏழு இலக்கம். கன்டெய்னர் கதவில் போடும் பூட்டு முத்திரையின் எண்ணான சீல் எண்ணையும் விடாதீர்கள்.

அடுத்தது இ-வே பில், அதாவது சரக்கு வழியில் போகும்போது கூடவே இருக்க வேண்டிய ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டு. வெளிமாநிலச் சரக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் வேண்டும். தமிழ்நாட்டுக்குள் என்றால் 1 லட்சம். சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் அந்தப் பில் செல்லும். வழியில் வண்டி பழுதாகி வேறு வண்டிக்குச் சரக்கு மாறினால், பில்லில் வண்டி விவரம் வரும் பகுதி பி-யில் புது வண்டி எண்ணை ஏற்றிய பிறகே நகர வேண்டும். பில் காலாவதியாவதற்கு 8 மணி நேரம் முன்னும் பின்னும் அதை நீட்டிக்க வழி உண்டு. தூங்கி எழுந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்த நேரம் போய்விடும்.

அமெரிக்க லாரிகளுக்கு இங்கிருந்தே இரவு ஷிப்ட்டில் டிஸ்பாட்ச் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். அங்கே சரக்கு லாரி டிரைவர் தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வெடுத்த பிறகு, அதிகபட்சம் 11 மணி நேரம்தான் ஓட்டலாம். இங்கே நம் ஆள் இரவெல்லாம் வரிசையில் கண் விழித்திருப்பார். காலையில் அவருக்கே அடுத்த லோடு போடச் சொல்லிப் பார்ட்டி, அதாவது சரக்கு அனுப்பும் வாடிக்கையாளர், நெருக்குவார். அப்போது "வேற வண்டி தரேன் சார்" என்று சொல்லத் தெரிய வேண்டும். இந்த வேலையில் கஷ்டமான பாடம் இதுதான்.

வேலை நிச்சயம் என்று சொல்லி முன்பணம் கேட்கும் பயிற்சி வகுப்புக்கு அவசரப்பட்டுக் கட்டாதீர்கள். முதலில் ஏதாவது லாரி ஆபீஸில் சேர்ந்து, முதலாளியிடம் கேட்டு ஒரு நாள் டிரெய்லரில் ஏறிக்கொள்ளுங்கள். மாதவரத்திலிருந்து மணலி புதுநகர், மீஞ்சூர் வழியாகக் காட்டுப்பள்ளி துறைமுகம் வரை போய் வாருங்கள். எங்கே வண்டி நிற்கிறது, டிரைவர் எங்கே சாப்பிடுகிறார், குளிக்க இடம் உண்டா என்று பாருங்கள். அப்புறம் பார்ட்டி "வண்டி எப்போ வரும்?" என்று கேட்டால், நீங்கள் சொல்லும் நேரம் சரியாக இருக்கும்.