கிரீஸ் அடிக்கும் நேரத்துக்கு யார் பேட்டா தருவது?

கரூர் பக்கம் ஒரு கல்குவாரி. பக்கெட் வலது பக்கமாகச் சாய்ந்து தோண்டுகிறது என்று அழைத்திருந்தார்கள். இருபது டன் பொக்லைன். மீட்டரில் 4,000 மணி நேரம்கூட ஆகவில்லை. பக்கெட்டைத் தரையில் இறக்கி எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு, பக்கெட்டைத் தாங்கும் கையான ஸ்டிக்கின் நுனியில், பக்கெட்டைக் கோத்திருக்கும் இரும்புப் பின்னைப் பார்த்தேன். பின்னுக்கும் அதைச் சுற்றியிருக்கும் உலோக வளையமான புஷ்ஷுக்கும் நடுவில் பழைய தடித்த ஐந்து ரூபாய் நாணயம் தாராளமாக நுழைந்தது. புஷ் தேய்ந்ததோடு நின்றிருந்தால் மாற்றிவிட்டு வந்திருப்பேன். அது பொருத்திய இடத்திலேயே சுழன்று ஸ்டிக்கின் துளையையும் முட்டை வடிவமாகத் தின்றுவிட்டது. இனி வெல்டிங் நிரப்பி, லைன் போரிங் போட்டுத் துளையை மறுபடி வட்டமாகக் கடைந்து, புதிய புஷ் அடிக்க வேண்டும். வண்டி ஒரு வாரம் படுத்துவிடும்.

கிரீஸ் உள்ளே போகும் நிப்பிளைத் துடைத்துப் பார்த்தேன். வாயில் கல்மாவு காய்ந்து சிமெண்ட் போல இறுகியிருந்தது. கிரீஸ் கன் கேபினில் இருக்கைக்குப் பின்னால் கிடந்தது. கடைசியாக எப்போது அடித்தாய் தம்பி என்று ஆபரேட்டரிடம் கேட்டேன். பொய் சொல்லத் தெரியாத பையன். “டிப்பர்கள் ஆறு மணிக்கே வரிசையில் நின்றுவிடுகின்றன அண்ணா. வண்டி ஓடுகிற மணிக்குத்தான் எனக்குப் பேட்டா. கிரீஸ் அடிக்கும் நேரத்துக்கு யார் தருவது?” என்றான்.

இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்தப் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறேன். இயந்திரங்கள் சீக்கிரம் ஓய்ந்துபோவதற்கு இதைவிடச் சரியான காரணத்தை யாரும் எனக்குச் சொன்னதில்லை. வாடகை மணிக் கணக்கு, பேட்டாவும் மணிக் கணக்கு. எஞ்சின் நிற்கும்போது பார்க்க வேண்டிய வேலைக்கு மட்டும் கூலி கிடையாது. ஆபரேட்டர் அடிப்பான் என்று உரிமையாளர் நினைக்கிறார், ஹெல்பர் அடிப்பான் என்று ஆபரேட்டர் நினைக்கிறார், ஹெல்பரோ டீ வாங்கப் போயிருக்கிறான். வண்டி கெட்டதும் எங்களைப் போன்றவர்களைக் கூப்பிட்டு, கம்பெனி சரியில்லை என்கிறார்கள்.

பொக்லைன் என்பது பிரான்ஸ் நாட்டுக் கம்பெனியின் பெயர் என்பதே இங்கே பலருக்குத் தெரியாது. செயின் வண்டி எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் நமக்குப் பொக்லைன் அல்லது ஹிட்டாச்சி. முன்னால் லோடரும் பின்னால் பக்கெட்டும் வைத்த டயர் வண்டி எதுவானாலும் ஜேசிபி. பெயர் எதுவாக இருந்தாலும் கீழே எழுதுவது எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

கிரீஸ் என்றால் வழுக்குவதற்கு மட்டும் என்று நினைக்கிறோம். அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. பின்னுக்குள் புகுந்த மண்ணையும் தண்ணீரையும் வெளியே தள்ளுவது அதுதான். பழைய கறுப்புக் கிரீஸ் பிதுங்கி, அதன் பின்னால் புதிய கிரீஸ் எட்டிப்பார்க்கும்வரை அடிக்க வேண்டும். கணக்குக்கு இரண்டு அழுத்து அழுத்திவிட்டுப் போனால் பயனில்லை. பிதுங்கிய கிரீஸ் விளிம்பில் வளையமாக நிற்பது நல்லது, தூசி உள்ளே போகாமல் அது தடுக்கும். பொதுவாகப் பத்து மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை. ஏரி, வாய்க்கால், சேறு என்றால் இரண்டு முறை.

காலையில் அடிப்பதைவிட மாலையில் வேலை முடிந்ததும் அடிப்பதே நல்லது என்பது என் கட்சி. பின்னும் புஷ்ஷும் சூடாக இருக்கும்போது கிரீஸ் எல்லா இடத்துக்கும் ஓடுகிறது. பகலில் புகுந்த ஈரமும் இரவு முழுக்க உள்ளே உட்கார்ந்து துருப்பிடிக்க வைக்காது. காலையில் டிப்பர் வரிசை கட்டி நிற்கும் தொல்லையும் இல்லை. நிப்பிள் அடைத்திருந்தால் கழற்றிப் புதியது போடுங்கள். அது ஒரு டீ, வடை விலைதான். அதை மிச்சப்படுத்தப் போய் ஸ்டிக்கையே கழற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது ஏர் ஃபில்டர். நம் ஆட்கள் அக்கறையால் கெடுப்பது இதைத்தான். கிரஷர் பக்கம் ஓடும் வண்டியில் தினமும் ஃபில்டரைக் கழற்றி, டயரில் நாலு தட்டுத் தட்டி, பஞ்சர் கடைக் கம்ப்ரசரில் ஊதி மாட்டுவார்கள். பார்ப்பதற்குப் பொறுப்பான வேலை. ஆனால் தட்டும்போது விளிம்பு நெளிகிறது, ஊதும் வேகத்தில் தாளில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழுகிறது. தேவையில்லாமல் திறக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தூசி உள்பக்கம் உதிர்கிறது. ஓரளவு தூசி படிந்த ஃபில்டர்தான் புதியதைவிட நன்றாக வடிகட்டும் என்றால் யாரும் நம்புவதில்லை, ஆனால் உண்மை அதுதான். அடைப்பு காட்டும் இண்டிகேட்டர் சிவப்புக்கு வந்தாலோ, திரையில் எச்சரிக்கை விளக்கு எரிந்தாலோ மட்டும் திறந்தால் போதும். ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் இரண்டில் வெளி ஃபில்டரைச் சுத்தம் செய்தே ஆக வேண்டும் என்றால், குறைந்த அழுத்தத்தில் உள்ளிருந்து வெளியே ஊத வேண்டும். பிறகு இருட்டான இடத்தில் உள்ளே ஒரு பல்பைப் பிடித்துப் பாருங்கள். வெளிச்சப் புள்ளி தெரிந்தால் தூக்கிப் போடுங்கள். உள் ஃபில்டரை ஊதவே கூடாது, மாற்ற மட்டும்தான் வேண்டும்.

கல்மாவு எஞ்சினுக்குள் போனால் உப்புத்தாள் கொண்டு தேய்ப்பது போல சிலிண்டரின் உள்சுவரான லைனரையும் பிஸ்டன் ரிங்கையும் தேய்க்கும். அதை முன்கூட்டியே காட்டிக் கொடுப்பது ஆயில் பரிசோதனை. ஆயில் மாற்றும்போது ஒரு சிறு பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினால், அதில் இரும்பு எவ்வளவு, செம்பு எவ்வளவு, சிலிக்கான் எவ்வளவு என்று அறிக்கை வரும். சிலிக்கான் ஏறியிருந்தால் மண் எங்கோ உள்ளே போகிறது. பெரும்பாலும் ஃபில்டர் பெட்டிக்கும், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவுக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாயில் கிளிப் தளர்ந்திருக்கும். ஸ்க்ரூடிரைவரால் இரண்டு சுற்று இறுக்கினால் ஒரு எஞ்சின் பிழைக்கும்.

ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீர் ஊற்றாதீர்கள். நம் கொங்குப் பக்கம் போர் தண்ணீரின் உப்பு எப்படி இருக்கும் என்று வீட்டுக் குழாயைப் பார்த்தாலே தெரியும். அதே வெள்ளைப் படிவம் எஞ்சினுக்குள்ளும் படிகிறது. வெப்பம் வெளியேற வழியில்லாமல் ஹெட் கேஸ்கெட் போகிறது. ரேடியேட்டரில் ஊற்ற வேண்டிய கூலன்ட் துருவை மட்டும் தடுப்பதில்லை. லைனரின் வெளிப்புறத்தில் குமிழிகள் வெடித்துப் பொத்தல் விழாமலும் அதுதான் காக்கிறது. கழற்றிய லைனரில் புழு அரித்தது போன்ற குழிகளைப் பார்த்தால் எனக்குச் சந்தேகமே வராது, அங்கே தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள்.

டீசல் டேங்கை மாலையிலேயே நிரப்பிவிடுவது நல்ல பழக்கம். காலி டேங்கின் காற்றிலுள்ள ஈரம் இரவில் வியர்த்துத் தண்ணீராக இறங்கும். காலையில் வாட்டர் செப்பரேட்டரின் அடியைத் திறந்து கொஞ்சம் வடித்துவிடுங்கள். பழைய எஞ்சின்கள் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டன. டயர் வண்டிகளுக்கு 2021 ஏப்ரலில் புதிய மாசுக்கட்டுப்பாட்டு விதிகள் வந்த பிறகு டீசலை மிக அதிக அழுத்தத்தில் பீய்ச்சும் காமன் ரெயில் எஞ்சின்களே பெருகிவிட்டன. பேரலில் இருந்து துணி வைத்து வடிகட்டி ஊற்றும் டீசலை அவற்றின் இன்ஜெக்டர் மன்னிக்காது. வேலை முடிந்ததும் சாவியை உடனே திருகாமல் மூன்று, நான்கு நிமிடம் ஐடிலில் விட்டால் டர்போவும் நீண்ட நாள் உழைக்கும்.

ஹைட்ராலிக் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். இருபது டன் வண்டியில் ஆயில் அழுத்தம் 350 பார் வரை போகும். கார் டயரில் இருப்பது இரண்டு பாருக்குச் சற்று மேலே. இந்த அழுத்தத்தில் ஓடும் பம்பு, வால்வுகளின் இடைவெளிகள் தலைமுடியைவிட மெல்லியவை. கண்ணுக்குத் தெரியாத தூசியே அங்கே பாறாங்கல். ஆனால் குவாரியில் ஹோஸ் வெடித்தால் என்ன செய்கிறோம்? புழுதிக்கு நடுவில் கழற்றி, வாயை மூடாமல் ஹோஸைப் பைக்கில் டவுனுக்கு அனுப்பிவிட்டு, திறந்த குழாயை அப்படியே விட்டு வைக்கிறோம். ஒரு சுத்தமான பிளாஸ்டிக் மூடி, இல்லையென்றால் புதிய பாலித்தீன் பை இறுகக் கட்டினாலே பாதித் தொல்லை தீரும். ஆயில் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, ஓட்டாதீர்கள். பாறை உடைக்கும் பிரேக்கர் மாட்டி ஓட்டும் வண்டிக்கு, 2,000 மணி நேரத்துக்கு ஒரு முறை ஹைட்ராலிக் ஆயில் மாற்றும் கணக்குப் பொருந்தாது. முழு நேரமும் பிரேக்கர் என்றால் அதை மூன்றில் ஒரு பங்காகக் குறைக்கச் சொல்லும் கையேடுகள் இருக்கின்றன. பிரேக்கருக்குக் கிரீஸ் அடிக்கும்போது உளியைத் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டு அடிக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இயந்திரத்தின் ஆயுளைவிடப் பெரிய விஷயம் ஒன்று. ஹோஸில் ஊசிமுனை அளவு கசிவு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்கும் பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. அந்தக் கீற்று தோலைக் கிழித்து உள்ளே போய்விடும். காயம் எறும்பு கடித்தது போலத்தான் இருக்கும், முதலில் வலியும் பெரிதாக இருக்காது. மஞ்சள் தடவிக்கொண்டு வேலை பார்த்தால் விரல் போய்விடும், சில சமயம் கையே போய்விடும். உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், “அழுத்தத்தில் ஆயில் உள்ளே போயிருக்கிறது” என்று அதே வார்த்தைகளில் சொல்லுங்கள். கசிவைத் தேட ஒரு அட்டைத் துண்டு போதும். செயினைத் தளர்த்தும் வால்வுக்கும் இதே எச்சரிக்கை. உள்ளே இருப்பது கடும் அழுத்தத்தில் இருக்கும் கிரீஸ். முகத்தை நேராக வைத்துத் திறக்காதீர்கள், ஒரு சுற்றுக்கு மேல் திருகாதீர்கள்.

செயின் வண்டியின் பராமரிப்புச் செலவில் ஏறக்குறைய பாதியை, செயினும் அது ஓடும் சக்கரங்களும் சேர்ந்த அடிப்பாகமே விழுங்கிவிடும். செயினை வீணைத் தந்தி போல இறுக்கி வைப்பதில் சிலருக்கு ஒரு பெருமை. இறுக்கினால் செயினின் புஷ்ஷும், ஸ்ப்ராக்கெட், ஐட்லர் என்ற இரு முனைச் சக்கரங்களும் சேர்ந்து தேயும். களிமண்ணில் கொஞ்சம் தொய்வாகவே விடுங்கள், மண் அப்பி அதுவாக இறுகும். மாலையில் மண்வெட்டியால் அந்த மண்ணைச் சுரண்டுவது ஹெல்பருக்குக் கால்மணி நேர வேலை. இரண்டு கிலோமீட்டர்தானே என்று செயினிலேயே ஓட்டிப் போகாமல், வண்டியை ஏற்றிச் செல்லும் லோபெட் டிரெய்லரைக் கூப்பிடுங்கள்.

வெல்டிங் வைப்பவரை அழைத்தால் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள். பற்றவைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே எர்த்தைப் பிடிக்க வேண்டும். தொலைவில் பிடித்தால் மின்சாரம் பேரிங் வழியாகப் போய் அதைச் சுட்டுவிடும்.

ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவிச் சந்தனம், குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்குவதை நான் கேலி செய்ய மாட்டேன். வண்டிக்கு அடியில் யாராவது குனிந்து பார்க்கும் நாள் அது ஒன்றுதான். தளர்ந்த போல்ட்டும் கசிவும் அன்றைக்குத்தான் கண்ணில் படுகின்றன. அன்று ஹை பிரஷர் தண்ணீரை மட்டும் மின் இணைப்புகளின் மேல் நேராக அடிக்காதீர்கள். பூஜை முடிந்த மறுநாள் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று வரும் அழைப்புகளே எனக்குப் போதும்.

கரூர்க் குவாரிக்கு லைன் போரிங் முடித்துக் கொடுத்த அன்று, வண்டி உரிமையாளரிடம் ஒன்று மட்டும் கேட்டேன். தினமும் மாலையில் அரை மணி நேரம் எஞ்சின் ஓடாத நேரத்துக்கும் அந்தப் பையனுக்குப் பேட்டா தர முடியுமா என்று. கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒரு வாரம் வண்டி நின்ற வாடகையில் பல வருடங்களுக்குத் தரலாம் என்று வந்தது. சரி என்றார், ஒரு நோட்டில் தேதியும் மீட்டரும் எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடு.

மூன்று வருடம் கழித்து அவர் அந்த வண்டியை விற்றபோது நானும் பக்கத்தில் இருந்தேன். வாங்க வந்தவர் பழைய கை. ஹவர் மீட்டரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பக்கெட்டை லேசாகத் தூக்கி இடதும் வலதும் ஆட்டச் சொல்லி, தள்ளி நின்று பின்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த நோட்டை வாங்கிப் பக்கங்களைப் புரட்டினார். கிரீஸ் கறை படிந்த நோட்டு. வண்டியை விலை பேசி முடித்துவிட்டு, ஆபரேட்டரும் கூட வருவானா என்று கேட்டார்.