இன்ஃபினிட் கேன்வாஸ்: திரைச்சீலை அல்ல, கிழி

இணையக் காமிக்ஸ் பற்றிய தமிழ்க் கட்டுரைகளில், தாளின் அளவுக்குள் அடங்காமல் விரியும் படப்பரப்பைக் குறிக்கும் ‘இன்ஃபினிட் கேன்வாஸ்’ என்பதற்கு ‘முடிவிலாத் திரைச்சீலை’ என்ற பெயர்ப்பு மறுபடி மறுபடி கண்ணில் படுகிறது. திரைச்சீலை சன்னலில் தொங்குவது; மறைப்பது அதன் வேலை. படம் எழுதும் துணிக்கு அந்தப் பெயர் எப்படி ஒட்டும்?

கேன்வாஸ், லத்தீன் ‘கன்னாபிஸ்’ வழி வந்த சொல். கஞ்சாச் செடியின் நாரில் நெய்த முரட்டுத் துணி. கப்பல் பாயாகவும் ஆனது, ஓவியர் கைக்கும் போனது. வேர் அவ்வளவுதான்.

‘இன்ஃபினிட் கேன்வாஸ்’ என்ற சொற்றொடரைப் பரப்பியவர் அமெரிக்கக் காமிக்ஸ் கலைஞர் ஸ்காட் மெக்ளவுட், 2000இல் வந்த ‘ரீஇன்வென்டிங் காமிக்ஸ்’ நூலில். கணினித் திரையைப் பக்கமாக எண்ணாதீர்கள், சன்னலாக எண்ணுங்கள் என்றார். சன்னலுக்கு அப்பால் கட்டங்கள் எந்தத் திசையிலும் எவ்வளவு தூரமும் போகலாம். ஆக, திரை வேறு, கேன்வாஸ் வேறு. அவர் கருத்தே இந்த வேறுபாட்டின்மேல்தான் நிற்கிறது. பெயரிலேயே ‘திரை’யை நுழைத்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். ராண்டல் மன்ரோ 2012இல் எக்ஸ்கேசிடி என்ற தம் இணையக் காமிக்ஸில் வெளியிட்ட ‘கிளிக் அண்ட் டிராக்’கைப் பாருங்கள். கடைசிக் கட்டத்தைப் பிடித்து இழுக்க இழுக்க, மலையும் கடலும் சுரங்கமுமாக ஓர் உலகமே வருகிறது. கட்டம் சன்னல், பின்னால் கிடப்பதுதான் கேன்வாஸ். இழுப்பது, பெரிதாக்குவது, வெப்டூன் எனும் கொரிய இணையக் காமிக்ஸில் விரலால் தள்ளிக்கொண்டே இறங்குவது எல்லாம் அந்தப் பரப்பில் வாசகர் நடக்கும் வழிகள். இதை விளங்கிக்கொள்ளாமல் அகராதியைப் புரட்டி எழுதுகிறவர்கள் வாசகரைக் குழப்பத்தில் தள்ளுகிறார்கள்.

‘முடிவிலா’வும் தவறு. கதைக்கு முடிவு உண்டு, இல்லாதது விளிம்பு.

‘கித்தான்’ என்கிறார்கள் சிலர். நல்ல சொல்தான், ஆனால் அது துணியின் பெயர், கூடாரத்துக்கும் அதுவே. இங்கே நூலும் இல்லை, நெசவும் இல்லை. படம் எழுதும் இடத்தைக் குறிக்கும் சொல் வேண்டும்.

தமிழில் அதற்குக் கிழி என்று பெயர். மடலேறும் தலைவன் தலைவியின் உருவம் எழுதிய துணியை ஏந்துவதைத் திருக்கோவையார் ‘கிழிபிடித்து’ என்கிறது. பொற்கிழி என்று இன்றும் சொல்கிறோம். தனியே நின்றால் ‘கிழிப்பது’ நினைவுக்கு வரும் என்பது நியாயமான தடைதான்; ‘ஓவியக்கிழி’ என்றால் அந்தச் சிக்கல் இல்லை. விளிம்பிலா ஓவியக்கிழி என்பதே என் பரிந்துரை. பிடிக்காதவர்கள் கேன்வாஸ் என்றே எழுதட்டும். திரைச்சீலையை மட்டும் விட்டுவிடுங்கள்.