“எங்க நாய் ஒண்ணும் பண்ணாதுங்க”: பழவேற்காடு ஏரிக்கு நாயோடு கிளம்பும் முன்

சூளூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை பழவேற்காடு ஏரியைக் குறுக்கே கடக்கிறது. மார்கழி, தை மாதங்களில் சாலையின் இரு பக்கமும் பூநாரைகள் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை காரை ஓரங்கட்டிக் கதவைத் திறந்தால் முதலில் வெளியே குதிப்பது நாய்தான். யாராவது தடுத்தால், “எங்க நாய் ஒண்ணும் பண்ணாதுங்க” என்பார்கள். பொய்யில்லை, அது கடிக்காமலே இருக்கலாம். பூநாரைக்கு அது தெரியாதே. அதன் கண்ணுக்கு வீட்டு லேப்ரடாரும் குள்ளநரியும் ஒன்றுதான்.

பூநாரை நின்ற இடத்திலிருந்து சட்டென்று எழும்பிவிடாது. தண்ணீரில் பல அடி தூரம் ஓடித்தான் மேலே கிளம்பும். நூறு பறவைகள் அப்படி எழும்பி ஒரு சுற்றுச் சுற்றி இறங்கினால், சேற்றை வடிகட்டிக் காலையிலிருந்து தின்றதில் ஒரு பங்கு அதற்கே செலவு. உள்ளான், உப்புக்கொத்தி போன்ற சின்னப் பறவைகளின் நிலை இன்னும் மோசம். பல ஆயிரம் கிலோமீட்டர் திரும்பிப் பறக்க, பங்குனிக்குள் அவை உடம்பில் கொழுப்பு சேர்த்தாக வேண்டும். ஒரே நாளில் பத்து கார், பத்து நாய் என்றால் கணக்கு உதைக்கிறது.

இரைதேடும் பறவைகள் தலையைக் குனிந்தே இருக்கும். அவை வரிசையாகத் தலைதூக்கிப் பார்த்தால் நீங்கள் ஏற்கெனவே கிட்டே வந்துவிட்டீர்கள் என்று பொருள். அடுத்தது சிறகு விரிப்புதான். தலை தூக்கியதுமே பின்வாங்குங்கள். அந்தச் சாலையில் காரே நல்ல மறைவிடம். வண்டிகளுக்குப் பறவைகள் பழகிவிட்டன. கண்ணாடியை இறக்கிவிட்டு, நாயை இருக்கையில் கட்டி, உள்ளிருந்தே பாருங்கள். நாயை மட்டும் உள்ளே பூட்டிவிட்டு இறங்கிவிடாதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் பத்தே நிமிடத்தில் சுமார் 10 டிகிரி செல்சியஸ் சூடு ஏறும்.

தெலுங்கில் பிரளய காவேரி எனப்படும் இந்த ஏரி, சிலிகாவுக்கு அடுத்தபடியாக நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. ஆந்திரப் பகுதி 1976-லும் தமிழ்நாட்டுப் பகுதி 1980-லும் பறவைகள் சரணாலயமாயின. சரணாலய எல்லைக்குள் நாயைக் காரை விட்டு இறக்காதீர்கள். எல்லையில் வேலி கிடையாது, எல்லா இடத்திலும் பலகையும் கிடையாது. அதனால் கிளம்பும் முன்பே வனத்துறை அலுவலகத்தில் எந்தக் கரை உள்ளே, எது வெளியே என்று கேட்டுக்கொள்ளுங்கள். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில், பறவை, ஊர்வனவற்றின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குள்ளேயே வந்துவிடும். நாய் தோண்டியது, நான் தோண்டவில்லை என்று சொல்லி நழுவ நினைக்காதீர்கள்.

தோண்டுவது என்றதும் ஆமை நினைவுக்கு வர வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி, ஒன்றரை அடி ஆழத்தில் நூறு முட்டைக்கு மேல் இட்டு மூடிவிட்டுப் போகும். குஞ்சு பொரிய 45 முதல் 60 நாள் ஆகும். நமக்குத் தெரிவது டிராக்டர் டயர் ஓடியது போன்ற தடம் மட்டும்தான், காற்றடித்தால் அதுவும் அழிந்துவிடும். நாய்க்கு மூக்கு இருக்கிறது. ஒரு கூட்டைக் காலி செய்ய அதற்குக் கால் மணி நேரம் போதும். ஜனவரி முதல் மே வரை பொழுது சாய்ந்தபின் கடற்கரைக்கு நாய் வேண்டாம். மணல் திட்டில் முட்டையிடும் சின்ன ஆலா என்ற நீர்ப்பறவைக்கோ கூடு என்று ஒன்றே இல்லை, வெறும் குழிதான். உச்சி வெயிலில் தாய் வயிற்றுச் சிறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டையைக் குளிர்விக்கும். நாய்க்குப் பயந்து அது விலகியே நின்றால் முட்டை வெந்துபோகும்.

அனுமதியுள்ள கடற்கரையிலும் கயிறு கையில் இருக்கட்டும். ஆறடிக் கயிறு, மார்பில் கட்டும் ஹார்னஸ், இவை போதும். இழுத்தால் நீளும் கயிறு இங்கே ஆகாது. பொத்தானை அழுத்துவதற்குள் நாய் பதினைந்து அடி போயிருக்கும். ஏரியில் தவழ்ந்தபடி கையால் இறால் பிடிக்கும் பெண்கள் இருப்பார்கள். முகம் தண்ணீர் மட்டத்தில் இருக்கும், பிடித்ததைப் போடும் பறிக்கூடையைப் பல்லில் கடித்திருப்பார்கள். எதிரே ஒரு நாய் பாய்ந்து வந்தால் அவர்களால் எழுந்து ஓடவும் முடியாது. கரையில் காயும் கருவாட்டின் மேல் நாய் காலைத் தூக்கினால் ஒரு வீட்டின் அன்றைய வரும்படி போச்சு.

நாயின் கழிவைப் பையில் எடுத்து வீட்டுக்கே கொண்டுவாருங்கள். மணலில் புதைப்பது சுத்தமல்ல. அதிலுள்ள கொக்கிப்புழு முட்டை ஈர மணலில் பொரிந்து, புழு வெறுங்காலோடு நடக்கிறவர்களின் தோலுக்குள் ஏறும். காலில் கோடு கோடாக நெளிந்து அரிக்கும் தடிப்பு அதனால் வருவதுதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து, ஆண்டுக்கு ஒருமுறை வெறிநாய்த் தடுப்பூசி, டிஸ்டெம்பர் உள்ளிட்ட கூட்டுத் தடுப்பூசி எல்லாம் முடிந்திருக்க வேண்டும். டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் அங்குள்ள நரிகளுக்கும் தொற்றும். முதுகில் சொட்டுவிடும் உண்ணி மருந்தை ஊருக்குக் கிளம்பும் அன்று போடாதீர்கள். அதிலுள்ள பிப்ரோனில், பெர்மெத்ரின் போன்றவை தண்ணீரில் கரைந்தால் இறால் குஞ்சுக்கும் மீனுக்கும் விஷம்.

இனி நாயின் பாடு. புறங்கையை மணலில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியவில்லை என்றால் அதன் பாதத்துக்கும் முடியாது. காலை எட்டுக்குள் நடையை முடித்துவிடுங்கள். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 60 மில்லி தண்ணீர் என்பது சாதாரண அளவு. வெயிலில் இரட்டிப்பாக எடுத்துப் போங்கள். தாகத்தில் கடல்நீரைக் குடித்துத்தான் பல நாய்கள் வாந்தி, பேதியோடு வருகின்றன. மூச்சு இரைத்து, எச்சில் கெட்டியாகி, தள்ளாடினால் நிழலில் கிடத்திச் சாதாரணத் தண்ணீரை உடம்பெங்கும் ஊற்றி விசிறுங்கள். ஈரத் துணியைப் போர்த்தி வைத்தால் சூடு உள்ளேயே தங்கிவிடும். வலையிலிருந்து ஒதுக்கிய பேத்தை மீன் (விஷமுள்ள பஃபர் மீன்) கரையில் கிடக்கும். அதைத் தின்றால் முதலில் வாந்தி, பிறகு கால் தளர்வு, கடைசியில் மூச்சு நிற்கும். மாற்று மருந்து இல்லை, நேரே ஆஸ்பத்திரிதான். தூண்டில் முள்ளை விழுங்கி நூல் வாயில் தொங்கினால் இழுக்காதீர்கள். ஒரு முழம் விட்டு வெட்டி, நுனியைக் கழுத்துப் பட்டையில் முடிந்துகொண்டு எக்ஸ்ரே எடுக்கப் போங்கள்.

முகத்துவாரத்தில் நீச்சல் வேண்டாம், நீரோட்டம் அடித்துக்கொண்டு போய்விடும்.

வீடு வந்ததும் நல்ல தண்ணீரில் குளிப்பாட்டி, காதைத் துடைத்து, விரல் இடுக்கில் உண்ணி, முள், கண்ணாடிச் சில்லு இருக்கிறதா என்று பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் அன்றே வராது. பத்து இருபது நாள் கழித்து நாய் சோறு தின்னாமல் படுத்துக்கொண்டால், ஏரிக்கரைக்குப் போய்வந்ததை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.